மெல்ல நடந்த மாமியார்

மோட்டார் சைக்கிளின் பிரேக்கைக் கழற்றிக் கையில் கொடுத்தது போல இருந்தது அந்தக் கருவி. கைப்பிடியில் எவ்வளவு வலு இருக்கிறது என்று அளப்பதற்காம். மிஸ்ஸி, அதாவது ஆஸ்பத்திரி நர்ஸ், அதை நீட்டி, "பலமா அழுத்துங்கம்மா" என்றார். என் மாமியார் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு, பாசாரில் கொய்யாப்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பவரைப் போல லேசாக ஓர் அழுத்து அழுத்திவிட்டு, பத்திரமாக மேசைமேல் வைத்தார். முள் சற்றே அசைந்தது. "இன்னும் கொஞ்சம்" என்று மிஸ்ஸி கெஞ்சினார். மாமியார் என் காதோரம் குனிந்து, "ஆஸ்பத்திரி சாமான், ஒடஞ்சுபோச்சுன்னா?" என்று கிசுகிசுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று காலையில்தான் காஸ் தோங்கை, அந்தக் கனத்த சிலிண்டரை, வாசலிலிருந்து அடுக்களை வரைக்கும் தனியாக உருட்டிக்கொண்டு போனவர் அவர்.

அவருக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி என் கணவரை வளர்த்தவர். மகன் லோரி ஓட்டத் தொடங்கிக் குடும்பம் என்று ஆனபிறகு எங்களோடு சுங்கைப் பட்டாணிக்கு வந்து சேர்ந்தார். நான் தொழிற்சாலையில் பொருள்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருந்தேன். விடியுமுன் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு. ஆகவே வீடு முழுக்க அவருடைய ராஜ்யம். மீன் ஆய்வதும் துணி துவைப்பதும் பின்பக்கத்து வாழைகளோடு மல்லுக்கட்டுவதும் அவர்தான். என் சமையலைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. உள்ளதைச் சொன்னால், அது நியாயமான அபிப்பிராயம். அப்படிப்பட்டவருக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி என்றதும் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் மட்டும், "கட்டிதானே, வெட்டி எடுத்துட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டார்.

எங்களைப் பார்த்த டாக்டரம்மா, வயதானவர்களின் புற்றுநோய்ச் சிகிச்சையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை ஒதுக்கி வைக்கக்கூடாது என்பது அவர் கட்சி. எண்பதிலும் தெம்பாக இருப்பவர் அறுவையைத் தாங்கி எழுந்துவிடுவார். உடல் தளர்ந்துபோன அறுபது வயதுக்காரர் படுத்த படுக்கையாகிவிடுவார். அதனால் வயதை விட்டுவிட்டுத் தெம்பை அளந்து பார்க்க வேண்டும் என்று எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் தொழிற்சாலையிலும் செய்த தேதியைப் பார்த்து ஒரு பொருளை ஒதுக்கமாட்டோம், சோதித்துப் பார்த்துத்தான் ஒதுக்குவோம். மாமியாரும், "நாலு பேருக்கு உபயோகமா இருந்தா சரி" என்று ஆராய்ச்சியில் சேரச் சம்மதித்தார்.

கருவியை அழுத்திய பிறகு நடக்கச் சொன்னார்கள். "எப்பவும் நடக்குற மாதிரியே நடங்க" என்றார் மிஸ்ஸி. ஆனால் சுவரோரம் டாக்டரம்மாவும் இன்னோர் ஆண் டாக்டரும் நின்றிருந்தார்களே! பெரிய மனிதர்கள் நிற்கும் இடத்தில் விறுவிறுவென்று நடக்கலாமா? தோட்டத்தில் துரை எதிரே வந்தால் எப்படி ஒதுங்கிப் போவார்களோ அப்படி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்து, தரைக்கு வலிக்குமோ என்பதுபோல நடந்தார். அதற்குப் பிறகு கேள்விகள். சமைப்பீர்களா, கடைக்குப் போவீர்களா, வீட்டு வேலை செய்வீர்களா? நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்து, மிஸ்ஸிக்கு மட்டுமல்ல, வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "நானா? எங்க வீட்டு மருமக ஒரு துரும்பக்கூட எடுக்க விடமாட்டா. ராணி மாதிரி வச்சிருக்கா." எங்கள் பக்கத்தில் ஒரு மாமியார் நாலு பேர் முன்னால் இதைத்தான் சொல்வார். வேறு விதமாகச் சொன்னால் மருமகளுக்கு மட்டுமா, வீட்டுக்கே இழுக்கு. கேட்க எனக்கு இனிக்கத்தான் செய்தது. எந்த மருமகளுக்குத்தான் இனிக்காது?

அடுத்த முறை என் கணவரோடு போனபோது டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்து, முடிவைப் பக்குவமாகச் சொன்னார். அம்மா மிகவும் தளர்ந்திருக்கிறார், நடை மெதுவாக இருக்கிறது, கையில் வலு இல்லை, எல்லாவற்றுக்கும் பிறரை நம்பி இருக்கிறார். அறுவை வேண்டாம். தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டால் கட்டி வளராமல் கொஞ்ச காலம் கட்டுப்படும். "கொஞ்ச காலம்னா?" என்று என் கணவர் கேட்டார். டாக்டரம்மா கையிலிருந்த தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமியாரைப் பார்த்தேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார். அந்த மரியாதை அவர் உயிருக்கே உலை வைக்கப்போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டாக்டர், அவங்க சொன்னது எதுவும் உண்மையில்ல" என்றேன். "சமையல், துணி, மார்க்கெட்டு எல்லாம் அவங்கதான். நான் வேலைக்குப் போயிட்டு வந்து அவங்க ஆக்கி வச்சத சாப்பிடறவ. எங்க வீட்டுல ராணி மாதிரி இருக்கறது நான்தான்."

மாமியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அவ சும்மா சொல்றா டாக்டரம்மா! என் மேல உள்ள பாசத்துல சொல்றா. நான் ஒரு வேலையும் செய்யறதில்ல" என்று சாதித்தார். தன் உயிரைப் பணயம் வைத்து என் மானத்தைக் காப்பாற்றப் புறப்பட்டுவிட்டார். நான் விடுவதாக இல்லை. காஸ் தோங் கதையைச் சொன்னேன், வாழைத்தார் வெட்டியதைச் சொன்னேன். டாக்டரம்மா என்னைக் கனிவோடுதான் பார்த்தார், ஆனால் நம்பவில்லை. "பிள்ளைங்க எல்லாருமே இப்படித்தான் சொல்லுவாங்க. அம்மா நல்லா இருக்கணும்னு ஆசை. எனக்குப் புரியுது" என்றார். அந்த நிமிடம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது. "போன வாரம் அரிசி மூட்டையக்கூட இவங்கதான் தூக்கினாங்க டாக்டர்! நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்!" என்று கத்திவிட்டேன். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குமேல் மாமியாரால் பொறுக்க முடியவில்லை. நாற்காலியைக் கையால்கூடத் தொடாமல் விருட்டென்று எழுந்தார். "என்னைய வேலக்காரியா வச்சிருக்கேன்னு ஊருக்கே சொல்லிட்டியே! இதுக்குமேல இங்க எனக்கு என்ன வேல?" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினார். நீண்ட நடைபாதையில் சக்கர நாற்காலிகளையும் ஆட்களையும் விலக்கிக்கொண்டு விடுவிடுவென்று போனார். "அம்மா, கொஞ்சம் நில்லுங்க லா!" என்று என் கணவர் மூச்சு வாங்கப் பின்னாலேயே ஓடினார், எட்டிப் பிடிக்க முடியவில்லை. டாக்டரம்மா கதவோரம் வந்து, அந்த உருவம் திருப்பத்தில் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எப்பவும் இப்படித்தான் நடப்பாங்களா?" என்று கேட்டார்.

"இது கொஞ்சம் குறைவுதான் டாக்டர். பாசாருக்குப் போறப்ப பாக்கணும்" என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். மறு வாரம் கூட்டிவாருங்கள், மறுபடியும் சோதித்துப் பார்ப்போம் என்றார். இந்த முறை என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். கருவி உடையாது, ஈரத் துணி பிழிவதுபோலப் பிழியுங்கள் என்று மிஸ்ஸி தைரியம் சொன்னாராம். சமைப்பீர்களா என்று கேட்காமல், நேற்று மத்தியானம் என்ன குழம்பு என்று கேட்டாராம். மாமியார் தன்னை மறந்து, மீன் வாங்கியதிலிருந்து புளி கரைத்ததுவரைக்கும் ஒப்பித்துவிட்டார். டாக்டரம்மா அவரிடமே நேராக, "ஆபரேஷன் செஞ்சுக்கறீங்களா?" என்று கேட்டபோது, "அதைத்தான் மொதல்லேர்ந்து சொல்றேன். தைப்பூசத்துக்குள்ள வீட்டுக்கு அனுப்பிடணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்படியே அனுப்பியும் வைத்தார்கள்.

கட்டி போயிற்று. கோபம் மட்டும் போகவில்லை. தையல் ஆறிய பிறகும் என்னோடு நேராகப் பேசமாட்டார். நான் வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, "உப்பு பத்தலன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்று மகனிடம் சொல்வார். நானும் அவரைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. பேசாவிட்டால் என்ன, ஆள் கண்ணெதிரே இருக்கிறாரே, அது போதும் என்று இருந்தேன். பின்னொரு நாள் பரிசோதனைக்குப் போனபோது, இப்போதெல்லாம் மருமகள்களையும் பிள்ளைகளையும் வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் வயதானவர்களிடம் கேள்வி கேட்கிறோம் என்று மிஸ்ஸி சொன்னார். கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. மாமியார் காதில் விழாததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆண்டுகள் ஓடிவிட்டன. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அடுக்களை இன்னும் என் கைக்கு வரவில்லை. போன மாதம் யான் என்ற ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் மாமியாருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த கல்யாணப் பெண்ணின் தாயார் பேச்சோடு பேச்சாக, "மருமக உங்கள நல்லா பாத்துக்கறாங்களா?" என்று கேட்டார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"இவளா?" என்றார் மாமியார். "இவளுக்கு ஒரு ரசம்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாது. டாக்டர் முன்னால, அத்தன பேருக்கும் கேக்கற மாதிரி என் மானத்த வாங்கினவ." வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "அன்னிக்கு அவ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, இன்னிக்கு உங்க வீட்டுச் சோத்த நான் தின்னுக்கிட்டு இருக்கமாட்டேன்."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. என் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து நொறுக்கித் தன் சாம்பாரில் போட்டுக்கொண்டார்.