அந்தமானுக்கு முன்னால் ஒரு கிணறு

என் கணவருக்குக் காது மந்தமாகத் தொடங்கியபோது வயது முப்பத்தைந்து. அவருக்கு வேலை அணுமின் நிலையத்தின் வரைபடப் பிரிவில். அதனால் அலுவலகத்தில் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தார். வீட்டில்தான் கஷ்டம். நான் செங்கல்பட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பகலெல்லாம் ஐம்பது பிள்ளைகள் முன்னால் கத்திவிட்டு, பஸ் பிடித்து அணுபுரம் வந்து சேர்ந்ததும் இவரிடம் கத்த வேண்டும். "குழம்புல உப்பு போதுமா?" என்று மூன்று தடவை கேட்டால், கீழ் வீட்டு அம்மாள் மறுநாள் படிக்கட்டில் நிறுத்தி, "உப்பு சரியா இருந்துச்சா டீச்சர்?" என்பார். எங்கள் வீட்டுச் சண்டைகள் மொத்தக் குடியிருப்புக்கும் தெரியும். கடைசியில் ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கி வைத்து எழுதிப் பேச ஆரம்பித்தோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் எல்.டி.சி. போட்டு, அரசாங்கச் செலவில் லட்சத்தீவு போயிருந்தோம். அங்கே இருவரும் காற்றுச் சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா கற்றுக்கொண்டோம். தண்ணீருக்குள் யாரும் பேச முடியாது. எல்லாம் கைச் சைகைதான். மூன்றாம் நாள் நாற்பதடி ஆழத்தில், பவளப் பாறை மேல் மிதந்தபடி, அவர் மீன்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். நான் பதில் காட்டிக்கொண்டே போனேன். படகில் ஏறியதும், "உள்ள எல்லாரும் என்னை மாதிரிதான்" என்றார். அன்று அவர் சிரித்த மாதிரி வீட்டில் சிரித்துப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

அதன் பிறகு சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய அண்ணன் வருகிற போதெல்லாம் ஒவ்வொரு பொருளாக வந்து சேர்ந்தது. முதலில் தண்ணீருக்குள் பார்க்க முகத்தில் மாட்டும் கண்ணாடி, அப்புறம் துடுப்புகள், ரப்பர் உடுப்பு, காற்றடைக்கும் ஜாக்கெட், கடைசியில் ரெகுலேட்டர். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற கருவி அதுதான். எனக்கும் ஒரு கண்ணாடி வாங்கித் தந்தார். எல்லாம் பரண் மேல் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. அடுத்த பயணம் மட்டும் அமையவே இல்லை.

இரண்டாயிரத்து மூன்றில் சென்னையில் ஒரு காது டாக்டரைப் பார்த்தோம். இரண்டு காதிலும் உள்ளே ஒரு சின்ன எலும்பு அசையாமல் இறுகிவிட்டது என்றார். முதலில் இடது காதில் ஆபரேஷன், பிறகு வலது. நன்றாகக் கேட்க வாய்ப்பு அதிகம் என்றார். நான் அழுதுவிட்டேன். அப்புறம் டைவிங் பற்றிக் கேட்டேன்.

"அதை மறந்துடணும்மா. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு தடவைகூடக் கூடாது."

திரும்பி வரும் மின்சார ரயிலில் இதை எழுதிக் காட்டினேன். தாம்பரம் தாண்டியதும் என் பேனாவை வாங்கினார். பிறகு கீழே எழுதினார்: "அதுக்கு முன்னாடி ஒரு தடவை."

"வேண்டாம். ஆபரேஷன் முதல்ல."

"கடல் முதல்ல. இல்லேன்னா ஆபரேஷனே வேண்டாம்."

அவர் சொன்னால் செய்வார். ஜனவரி முதல் வாரத்தில் ஆபரேஷன் என்று தேதி வாங்கிவிட்டு, நான் அந்தமானுக்குச் சம்மதித்தேன். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் போக மூன்று நாள், வர மூன்று நாள். என் அரையாண்டு விடுமுறையோடு நான்கு நாள் லீவு சேர்த்தால் நடுவில் ஐந்து நாள் கிடைக்கும். கப்பல் ஒரு நாள் தாமதமானால் நான்கு. நோட்டின் பக்கங்கள் இந்தக் கணக்குகளால் நிரம்பின. எந்தப் பையில் என்ன, ரப்பர் உடுப்பு ஒட்டாமலிருக்க எத்தனை டப்பா பவுடர், அறுந்தால் மாற்ற எத்தனை வார், எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. இந்த ஒரு பயணம் முடிந்தால் போதும், இவர் காது எனக்குக் கிடைத்துவிடும் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது ரெகுலேட்டரின் ரப்பர் வளையங்கள் உப்புக் காற்றில் இறுகிப்போயிருந்தன. "அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கலாமே" என்று எழுதினேன்.

"கடைசி தடவை. அடுத்தவன் கடிச்ச ரப்பரை நான் வாயில வெச்சுக்க மாட்டேன்."

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, ரெகுலேட்டரைத் தானே பிரித்து, அண்ணன் அனுப்பிய வளையங்களை மாட்டினார். தண்ணீரில் இறங்கிச் சோதித்துப் பார்க்காமல் கொண்டுபோக முடியாது. முதலில் இடம் பார்க்க மாமல்லபுரம் கரைக்குப் போனோம். டிசம்பர் கடல் செம்மண் குழம்பாகப் புரண்டுகொண்டிருந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் விஷயத்தைக் கேட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், இந்தக் கடல்லயா எறங்கப் போற? நாங்களே நாலு நாளா வூட்ல குந்திகினு கீறோம்."

சென்னைத் துறைமுகத்தில் தண்ணீருக்குள் மூழ்கிக் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டுகிற ஒருவரிடம் காற்று நிரப்பிய சிலிண்டர் இரவல் வாங்கினார் இவர். அதைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தபோது கண்டக்டர் மறித்தார். "இன்னா அது, கேஸா? எறக்கு, எறக்கு." வெறும் காற்று என்று நான் சத்தியம் செய்தேன். "காத்தை எவனாவது காசு குடுத்துத் தூக்கிகினு வருவானா?" என்று கேட்டுவிட்டு, போனால் போகிறதென்று விட்டார்.

கடல் ஆகாது என்றானதும் ஒரு கிணறு தேடினோம். திருக்கழுக்குன்றம் போகிற வழியில், இவர்கூட வேலை செய்பவருடைய மாமனாருக்கு வயலும் ஆழமான கிணறும் இருந்தன. கப்பல் ஏற ஆறு நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனோம். மழைக்குக் கிணறு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு நாளும் அவர் தலையணை அடியில் கைக்குட்டை ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். சளி பிடித்தால் டைவ் செய்யக் கூடாது என்று லட்சத்தீவில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். காதின் உள்பக்கத்துக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கிற வழி அடைத்துக்கொள்ளும். தெரிந்தும் நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார். டிக்கெட் கைக்கு வந்துவிட்டது. இதைத் தள்ளிப்போட்டால் ஆபரேஷனும் தள்ளிப்போகும் என்பது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு படிகளில் இறங்கினார். ஒரு இழுப்பு என்றால் எல்லாம் சரி, தொடர்ந்து இழுத்தால் தூக்க வேண்டும். கிணற்றுக்காரப் பெரியவரும் நானும் மேலே கயிற்றைப் பிடித்திருந்தோம். தண்ணீர் மேல் குமிழிகள் ஒழுங்காக வந்தன. ஒரு இழுப்பு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கயிறு மேலும் உள்ளே போனது.

"மீன் மாரி கீறாரே உன் வூட்டுக்காரர்" என்றார் பெரியவர்.

அடுத்த நொடி கயிறு வெடுக்கென்று பக்கவாட்டில் போனது. பிறகு நிறுத்தாமல் இழுபட்டது.

"இழுங்க! ஐயா, இழுங்க!"

இருவரும் இழுத்தோம். என் உள்ளங்கை உரிந்தது பிறகுதான் தெரிந்தது. அவர் தலை வெளியே வந்தது, ஆனால் படி எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. எதிர்ச் சுவரைக் கையால் துழாவினார். பெரியவர் வேட்டியோடு இறங்கி அவரைப் படிக்கு இழுத்து வந்தார். உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்தார். வாந்தி எடுத்தார். "சுத்துது, எல்லாம் சுத்துது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஏங்க, காது கேக்குதா? நான் சொல்றது கேக்குதா?" என்று இடது காதில் வாய் வைத்துக் கத்தினேன். அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து, மறுநாள் அதே காது டாக்டரிடம் கொண்டுபோனோம். தண்ணீர் அழுத்தத்தில் அடைத்த காதை மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதித் திறக்கப் பார்த்திருக்கிறார். உள்காதில் ஏதோ கிழிந்துவிட்டது. டாக்டர் என்னைத்தான் பார்த்தார். "சளி இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

இவர் நோட்டைக் கேட்டு வாங்கி, படுத்தபடியே கோணல்மாணலாக எழுதினார்: "ரெகுலேட்டர் நல்லா வேலை செஞ்சுது. ஒரு குமிழிகூட ஒழுகல." அதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நோட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன். வராந்தாவில் போய் நின்றேன். அந்தக் கைக்குட்டையைப் பார்த்தேன் என்று அவரிடம் அன்றும் சொல்லவில்லை, இன்று வரைக்கும் சொல்லவில்லை.

கப்பல் டிக்கெட்டை ரத்து செய்ய நான் மட்டும் போனேன். ஜன்னலில் இருந்தவர் விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினார்.

"காரணம் எழுதல மேடம்."

"வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல."

"அதையே எழுதுங்க. சரியானதும் போய்ட்டு வாங்க, அந்தமான் எங்க போயிடப் போவுது."

எழுதினேன். என் பின்னால் ஒரு குடும்பம் பைகளோடு எந்தக் கட்டில், ஜன்னல் உண்டா என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவர்களைத் தாண்டி வெளியே வந்தேன். கடற்கரை ரயில் நிலையத்தில் ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன்.

இடது காது மொத்தமாகப் போயிற்று. கேட்கிற ஒரே காதைத் தொடத் தைரியம் இல்லை என்று டாக்டர் வலது காது ஆபரேஷனையும் கைவிட்டார். அதில் ஒரு மெஷின் வைத்தார்கள். தலைசுற்றல் நிற்க ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போனார்.

அடுத்த மழைக்கு முன்னால், சிலிண்டர் கொடுத்த துறைமுகக்காரர் வீட்டுக்கு வந்தார். பெட்டியோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் இவர். தரையில் உட்கார்ந்து ரெகுலேட்டரைப் பிரித்து, எந்த வளையத்தை மாற்றினேன், எதற்கு எவ்வளவு கிரீஸ் தடவ வேண்டும் என்று அரைமணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். துறைமுகக்காரர் ஏதோ கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மாவோட கண்ணாடியையும் எடுத்துக்கட்டுமான்னு கேக்குறார்" என்று வலது பக்கம் போய்ச் சொன்னேன்.

"அது உன்னுது, நீதான் சொல்லணும்" என்றார்.

எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.