சால்வை போர்த்திய சர்வர்

எழில்மதியை முதலில் நான் நம்பவில்லை. வளையமாதேவிக்காரி. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போனதும் அப்பாவோடு மந்தாரக்குப்பம் வந்து, என் வீட்டுக்காரர் விட்டுப்போன இந்த வீட்டின் மாடியில் குடியேறினாள். பெண் பார்க்க வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினாள். பகலெல்லாம் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையைப் பார்த்துத் தனக்குள் திட்டிக்கொள்கிற பெண்ணை எப்படி நம்புவது?

கீழ் அறை கருணாகரனின் ஆபீஸ். சுரங்கத்துக்குக் கான்ட்ராக்ட் ஆட்களை ஏற்றிப்போக வேன் விடுகிறவர். எந்த வேன் எந்தத் தெருவுக்குப் போகவேண்டும் என்று சொல்வது எழில்மதி எழுதிய புரோகிராம். அது ஓடுகிற லினக்ஸ் சர்வர் பெட்டியும் அந்த அறையில்தான் இருந்தது. சில நாள் மதிய ஷிஃப்டுக்கு முன்னால் நின்றுவிடும். வேன்கள் தெருமுனையில் முழித்துக்கொண்டு நிற்கும்.

"இன்னொரு தடவ நின்னுச்சின்னா சென்னைக்காரங்ககிட்ட வேலைய குடுத்துருவேம்மா" என்று கருணாகரன் சொல்லிவிட்டார். அவள் வேலை போனால் அப்பாவின் சோறும் போகும்.

எவனோ ஒயரைப் பிடுங்குகிறான் என்று எனக்குச் சந்தேகம். டிரைவர் வெள்ளைச்சாமியின் முழியே சரியில்லை. அவளோ யாரையும் குற்றம் சொல்லவில்லை. புரோகிராமுக்குள் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். மாடிக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். எவ்வளவு சூடு, எவ்வளவு வேலை என்று சர்வர் பதில் சொல்லும். தப்பென்றால் அவள் போன் கூவும்.

"எம் பேச்சயும் கேட்டுகினு இருக்குமா அது?"

"ஒம் பேச்ச கேட்டா அதுவே நின்னுடும் ஆயா."

நான் சமையலறைக் கதவைச் சாத்தியே பேசினேன்.

சுரங்கப் பக்கத்துக் காற்று அடித்த ஒரு மதியம் போன் கூவியது. கரண்ட் இருக்கிறது, சூடுதான் ஏறுகிறது என்றபடி அவள் படியிறங்கி ஓடினாள். வெள்ளைச்சாமியைக் கையும் களவுமாகப் பிடிக்க நானும் போனேன்.

கருணாகரன் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். கோயில் விழாவில் அவருக்குப் போட்ட கெட்டிச் சால்வை சர்வர் மேல் முழுசாகப் போர்த்தியிருந்தது.

"கரித்தூசி உள்ள பூந்துடும்னு..." என்றார். இந்த ஊரில் டிவிக்கும் மிக்சிக்கும் துணி போர்த்தாத வீடு கிடையாது.

எழில்மதி சால்வையை உருவினாள்.

"மூச்சு முட்ட மூடிட்டு, எழுதனவள குத்தம் சொல்லிகினு இருந்தியாப்பா?" என்று கேட்டேன்.

சென்னைப் பேச்சு அதோடு நின்றது. இப்போது சந்தேகம் அவருக்கு, மாடியிலிருந்து தன்னையும் பார்க்கிறாளோ என்று. நேற்றும் காற்று அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். சர்வரை மூடச் சால்வையை எடுத்தவர், மாடிப்படியை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த வெயிலில் தன் மேலேயே போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.