நிழலில்லாத கிரகமும் வேங்கிக்கால் மாப்பிள்ளையும்

எங்கள் ஊரில் ஒரு படம் ஓடுகிறதா படுத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நாங்கள் பேப்பர் பார்க்க மாட்டோம். தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்ப்போம். ஸ்டாண்டு நிரம்பி ரோட்டில் வண்டி நின்றால் படம் ஹிட். உள்ளே நாலு சைக்கிளும் ஒரு நாயும் இருந்தால் வியாழக்கிழமையோடு பெட்டியைக் கட்டிவிடுவார்கள். எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடையில் நின்றுகொண்டு இந்தக் கணக்கைப் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் என் தங்கச்சிக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தத்தைக் கெடுத்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், ஒரு லாட்ஜில் ரூம் சாவி கொடுக்கிற வேலையில் இருந்தேன். அப்போதுதான் அந்த விஞ்ஞானப் படம் வந்தது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. கிரகம் ஒன்று, அதைச் சுற்றி நாலாபக்கமும் சூரியன். ராத்திரி கிடையாது, யாருக்கும் நிழல் விழாது. அங்கே ஒரு பெண் மட்டும் நிழலோடு பிறந்துவிடுகிறாள். முதலில் எல்லாரும் பயப்படுகிறார்கள். பிறகு ஒரு கிழவன் தற்செயலாக அவள் நிழலில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குளிர்ச்சி என்றால் என்ன என்று தெரிந்துகொள்கிறான். மறுநாளே அவள் வீட்டு வாசலில் கும்பல் கூடுகிறது, கொஞ்ச நேரம் அந்த நிழலில் உட்கார. சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் இருந்துகொண்டு அதைப் படித்தவர்களுக்கு அந்தக் கிரகம் ஒன்றும் தூரத்தில் இல்லை.

கதையை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான் இல்லை. என் தங்கச்சி. தொடர் வந்த காலத்தில் அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் பத்திரிகை வாங்குவார்கள். அவர்கள் படித்து முடித்த பிறகு கேட்டு வாங்கி, தொடர்கதைப் பக்கத்தை மட்டும் பிளேடால் அறுத்து வைப்பாள். ஒரு வாரம் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று பழைய பேப்பர் கடையில் போய்க் குடைந்து எடுத்து வந்தாள். கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டி, நன்றாக பைண்டு பண்ணினாள். எனக்கு அவள் வாசித்துக் காட்டித்தான் கதையே தெரியும். டீக்கடையில் நான் விட்ட ஜம்பமெல்லாம் அவள் போட்ட பிச்சை.

படத்தில் கதையை மாற்றியிருந்தார்கள். ஹீரோ ராக்கெட்டில் போய் அந்தப் பெண்ணை மீட்டு மெட்ராஸுக்குக் கூட்டி வந்துவிடுகிறான். நடுவில் அஞ்சு பாட்டு. நிழலில்லாத கிரகம் என்று சொல்லிவிட்டு நம்ம ஒரே சூரியனை வைத்து வெட்டவெளியில் எடுத்ததால், ஒவ்வொரு சீனிலும் எல்லாருக்கும் நீளமாக நிழல். தங்கச்சி பார்த்துவிட்டு வந்து, "அவளயும் சேத்து கெடுத்துட்டாங்கண்ணா"ன்னு சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். எனக்குப் படம் பிடித்திருந்தது. பிடித்ததைவிட, ஹிட் என்று நான் டீக்கடையில் சொல்லிவிட்டேனே, அதை விட்டுக்கொடுக்க முடியுமா?

இந்த நேரத்தில்தான் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் குடும்பம். நெல்லும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறவர்கள். பையனுக்கு வேங்கிக்காலில் கவர்மெண்ட் ஆபீசில் உத்தியோகம். எங்களுக்கு அப்பா இல்லை. அந்த வயசில் அவளுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது என்று அம்மா எத்தனையோ நாளாகச் சாமியிடம் முறையிட்டு வந்த இடம். போட்டோவைப் பார்த்துவிட்டுத் தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குக் கேசரியை அவளே கிண்டினாள்.

அவள் காபி கொடுத்து, வணக்கம் சொல்லி, உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளைக்குப் பேச்சுத் துணை நான். என்ன பேசுவது என்று தெரியாமல், "புதுப் படம் பாத்தீங்களா?"ன்னு ஆரம்பித்தேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தேங்க. கதைய படிச்சவன் பாக்கக் கூடாத படம்."

அவரும் அந்தத் தொடரைப் படித்தவர். எனக்கு ஒரே குஷி. அப்படியே சந்தோஷப்பட்டு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"கத வேற, சினிமா வேறங்க. ஹீரோ சும்மா நின்னா எவன் டிக்கெட் வாங்குவான்? படம் ஹிட்டு."

"இல்லீங்க, படுத்துடுச்சு. அந்தப் பொண்ணு அங்கயே இருந்தாதான் கதை. ஊரே அவ நிழல்ல உக்காருது. மெட்ராஸ்ல அவ நிழல் யாருக்கு வேணும்?"

"நான் கண்ணால பாத்தேங்க. போன வாரம் ஸ்டாண்டு நெரம்பி ரோடு பூரா வண்டி."

"எந்தக் கெழம?"

சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அன்னிக்கி பௌர்ணமிங்க. கிரிவலம் வந்தவங்க வண்டி அது."

அவர் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அம்மாவும் சிரித்தார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், பௌர்ணமியை மறந்துவிட்டுப் படத்துக்கு வசூல் கணக்குப் போட்டிருக்கிறேன். எனக்குக் காது வரைக்கும் சூடேறிப்போயிற்று.

விட்டதைப் பிடிக்க அலமாரியிலிருந்து அந்த பைண்டு புத்தகத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஓரம் கிழிந்திருந்த இடத்தில் டிரேசிங் பேப்பர் ஒட்டியிருந்ததைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு வாரம்கூட விடல. நானும் சேத்து வச்சி பாதியில விட்டுட்டேன். இத யாருங்க சேத்தது?"

"நாந்தான்," என்றேன்.

நாக்கில் சனி என்பார்களே, அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது. கேள்வி வருவதற்கு முன்னாலேயே வாயில் தயாராக இருந்த மாதிரி வந்தது. அவர் வீட்டு உள்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்க தங்கச்சி இதெல்லாம் படிப்பாங்களா?"

"அவளா? கதைன்னா தூங்கிடுவா. சமையல்னா கேளுங்க, ஜோரா பண்ணுவா."

மாப்பிள்ளையின் அம்மா காதில் விழட்டும், நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். அவள் கதை படிப்பவள் என்று சொன்னால் சேர்த்தது யார் என்பது தெரிந்துவிடும். அதற்காகத்தான் சொன்னேன்.

நாலு நாள் கழித்துத் தரகர் வந்து, ஜாதகம் ஒத்துவரவில்லை என்றார். அம்மா நம்பவில்லை. "பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட சினிமாவுக்குச் சண்ட போட்டா எவன்டா கட்டுவான்? ஒனக்குப் புத்தி இருக்குதா?"ன்னு ஒரு மூச்சு அழுது தீர்த்தார்கள். தங்கச்சி மட்டும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே, "விடும்மா, சண்டையெல்லாம் இல்ல, சும்மா பேசினாங்க"ன்னாள். அதுதான் எனக்கு உறுத்தியது. லாட்ஜில் உட்கார்ந்திருந்தால் சாவி மாறிப்போயிற்று. டீக்கடைப் பக்கம் போவதையே விட்டேன்.

ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வேங்கிக்கால் போனேன். சண்டைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று பேசினோம்.

"அன்னிக்கி நான் பேசினது தப்புங்க. மனசுல வச்சிக்காதீங்க."

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "சண்டையா? அதுவா? எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சுங்க. அந்தக் கதையப் பத்திப் பேச ஆபீஸ்ல ஒரு ஆள் கெடையாது."

"அப்பறம் ஏன்...?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "எங்க வீட்ல யாரும் பேப்பர்கூட படிக்க மாட்டாங்க. வர்றவங்களாவது பேசறதுக்கு ஆளா இருக்கணும்னு ஒரு ஆச. உங்க தங்கச்சிக்கு அதெல்லாம் போர்னு நீங்களே சொல்லிட்டீங்க. அவங்கள கொற சொல்லல. எனக்குதான் சரிப்படாதுனு தோணுச்சு."

"அந்த பைண்டு அவ பண்ணது," என்றேன். "கத பூரா அவ சேத்தது. எனக்கு அவதான் படிச்சுக் காட்டினா. உங்கள மாதிரியேதான் சொன்னா, படத்துல கெடுத்துட்டாங்கன்னு."

கோபப்பட்டுத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"போன ஞாயித்துக்கெழம வேற எடத்துல தட்டு மாத்திட்டோங்க," என்றார். அதற்கப்புறம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் அதைக் குடித்தேன், வேறென்ன செய்ய.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கோயிலுக்குப் போயிருந்தார்கள். தங்கச்சி பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் சொன்ன பொய், அவர் கேட்டது, தட்டு மாற்றியது, எதையும் விடவில்லை.

"தெரியும்ணா," என்றாள். "உள்ளதான இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு."

எனக்கு அப்போதும் கோபம்தான் முதலில் வந்தது. "கேட்டுச்சுன்னா வந்து சொல்றதுக்கு இன்னா? நாந்தான் சேத்தேன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் இல்லையா?"

"அவங்க எல்லாம் உன்னப் பாத்துச் சிரிச்சாங்க. ஒனக்கு மூஞ்சியே செத்துப்போச்சு. நானும் வந்து நீ சொன்னது பொய்யினு சொல்லணுமா? அண்ணன் மானம் போன எடத்துல நான் போய் எப்பிடி வாழறது?"

நான் அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். சமாதானம் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அவருக்கு அந்தக் கதையில எந்த எடம் ரொம்பப் புடிக்கும்னு சொன்னாரா?"

"கேக்கல," என்றேன்.

"கேட்டிருக்கலாம்ணா," என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடியும் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள்.