உப்புக்கு வந்த ஆல்ப்

"...காலையில யாரு முதல்ல வந்து உப்பு கேக்குறாங்களோ, என் நெஞ்சு மேல உக்காந்தது அவங்கதான்மா" என்று அக்கா மகள் சொல்லி முடிக்கவும், நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா, ஒரு பிடி உப்பு இருக்கா?" என்று கிண்ணத்தை நீட்டவும் சரியாக இருந்தது.

பர்மாவில், தாமுவே பேட்டையில் ஒரே கட்டடத்தின் நான்காம் மாடியில் எங்கள் வீடுகள் எதிரெதிரே. நான் தனிக்கட்டை. அன்று முட்டை அவித்து உரித்த பிறகுதான் பார்க்கிறேன், உப்பு டப்பா காலி. அவ்வளவுதான் என் குற்றம்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவனா? இவன்மேல எனக்குச் சின்ன வயசுலேருந்தே சந்தேகம்தான்."

விஷயம் இதுதான். அக்கா மகள் நர்ஸ் படிப்புக்கு ஜெர்மனி போக வேண்டும் என்று ஜெர்மன் படிக்கிறாள். சனிக்கிழமை பேச்சுப் பரீட்சை. ஒரு தடவை ஏற்கெனவே கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் போனால், அங்கே அவளுக்கென்று வைத்திருக்கும் இடம் வேறு யாருக்கோ போய்விடும். இந்த நேரம் பார்த்து நாலு நாளாக விடியற்காலையில் நெஞ்சின் மேல் ஏதோ ஏறி உட்காருகிறது. கண் திறந்திருக்கும், கை அசையாது, குரல் வராது. அப்புறம் தூக்கமும் கிடையாது. வகுப்பில் போய்க் கொட்டாவி விடுகிறாள்.

நாம் அதை அமுக்குவான் என்போம். பக்கத்துப் பேட்டையான தின்கன்ஜூனில் அவளுக்குப் பாடம் சொல்லும் பர்மிய டீச்சரம்மா, ஜெர்மனியில் அதற்கு ஆல்ப் என்று பேர் என்றாராம். தலையில் தொப்பி போட்டிருக்குமாம். சாவித் துவாரம் வழியாக நுழைந்து நெஞ்சில் உட்கார்ந்து கெட்ட கனவு காட்டுமாம். அதற்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்தியமும் வைத்திருக்கிறார்கள்.

முதல் வைத்தியம்: கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பை, முனை வாசலைப் பார்க்க வைத்துவிட்டுப் படுத்தால், ஆல்ப் அப்படியே திரும்பிப் போய்விடுமாம். அங்கே எப்படியோ, எங்கள் பக்கம் செருப்பு வாசற்படியோடு சரி. இவள் ஒருவருக்கும் தெரியாமல் உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். முந்தின நாள் காலையில் விளக்கேற்றப் போன அக்கா அதன்மேல் காலை வைத்துவிட்டாள்.

"சாமி இருக்குற வீட்டுக்குள்ள செருப்பா? பேய் உக்காந்தா அதுவா எந்திரிச்சுப் போயிடும்டி. சாமி கோவிச்சுக்கிட்டுப் போனா யாரு போய்க் கூட்டியாறது?"

இந்தப் பேச்சை அன்றைக்கே என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். இந்த மாதிரிப் பேச்சுக்காகவே நான் அந்த வீட்டு வாசலில் நிற்பவன்.

செருப்பு வெளியே போனதால் இரண்டாம் வைத்தியம். "காலையில வா, உப்பு தர்றேன்" என்று ஆல்ப்பிடம் சொல்லிவிட்டால் போதும். மனித உருவில் கேட்டு வந்தே தீரும். நான் உப்புக்குப் போன அன்று விடியலில், குரல் திரும்பியதும் இவள் அதை ஜெர்மனில் சொல்லியிருக்கிறாள்.

"ஏன்டி, நம்ம வீட்டுக்கு வர்ற பேய்க்குத் தமிழ் தெரியாதா?" என்றாள் அக்கா.

"பேசிப் பழகுன மாதிரியும் ஆச்சும்மா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்மா, நான் எண்பது கிலோ. நான் உக்காந்திருந்தா நீ இன்னைக்கு எந்திரிச்சிருப்பியா?"

அவள் சிரிக்கவில்லை. "கனவுல என்ன வருது தெரியுமா மாமா? பரீட்சை ரூம். கேள்வி கேக்குற அம்மா வாயைத் திறக்குறாங்க, உங்க குரல் வருது. 'இன்னைக்கு எத்தனை வார்த்தை படிச்சே?'ன்னு."

தினமும் சாயங்காலம் நான் கேட்பதுதான் அது. ஒரு நாள் தவறியதில்லை.

"அது பாசத்துல கேக்குறதும்மா."

"பாசம்தான் மாமா. போட்டாதாங் படகுத்துறையில டிக்கெட் கிழிக்கிறவர் என்னைப் பார்த்து, 'சனிக்கிழமைதானே?'ங்கிறார். அவர் யாருன்னே எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். நல்ல மனிதர். படகுக்குக் காத்திருந்தபோது ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவரிடம் மட்டுமா, டீக்கடையிலும் வெற்றிலைக் கடையிலும் சொல்லியிருந்தேன். அந்த முகங்களை எல்லாம் மனதுக்குள் எண்ணிப் பார்த்தபோது எண்பது கிலோ குறைவாகத்தான் பட்டது.

"சரி, இனிமே கேக்க மாட்டேன்" என்றேன். "வாயே திறக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, சனிக்கிழமைக்கு இன்னும் மூணே நாளு..."

"பாருடி, ஏறுறான் பாரு!" என்று கத்தினாள் அக்கா.

அக்கா மகள் என் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வாக்குக் கொடுத்தாயிற்றே, கோபுரமாக உப்பை நிரப்பிக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பிறகு வாசலில் குனிந்து, நான் கழற்றிப் போட்டிருந்த செருப்புகள் இரண்டையும், முனை என் வீட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.