யோகலிங்கத்தின் வயிறு

யோகலிங்கம் கிணற்றுக்குள் விழுந்தது அறுபதாம் ஆண்டில். வடமராட்சியிலிருந்து இரணைமடுக் குடியேற்றத்துக்கு வந்து இரண்டு போகம் நெல் வெட்டியபின், காணியில் கிணறு கட்டத் தொடங்கியிருந்தார். கல் இறக்கிய கயிறு அறுந்து அவரையும் இழுத்துக்கொண்டு போனது. உயிர் தப்பியது. நெஞ்சுக்குக் கீழே உடம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு விடும் நாளில் நேசமலர் என்ற நேர்ஸ் அவர் மனைவி ஜெகதீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இவற்ரை குடலுக்கு இனித் தானா வேலை செய்யத் தெரியாது. நேரம் வச்சுப் பழக்க வேணும். ஒவ்வொரு நாளும், காலமைச் சாப்பாடு முடிஞ்சு அரை மணித்தியாலத்திலை. விட்டால் வயிறு மட்டுமில்லை, தலையும் தாங்காது. தலை இடிச்சு முகம் வேர்த்தால் முதல் ஆளை நிமிர்த்தி இருத்துங்கோ. பிறகு மூத்திரத்தையும் வயித்தையும் பாருங்கோ."

ஜெகதீஸ்வரி ஒரு நாளும் தவறவில்லை. நடுவில் வட்டமாக வெட்டிய கதிரையில் அவரை இருத்தி, வயிற்றை உருவி விடுவாள். அந்த நேரம் முழுவதும் அவர் யன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த வருட மார்கழி மழையில் அவள் காய்ச்சலில் விழுந்தாள். யோகலிங்கத்தின் தமையன் அப்புத்துரை பூவரசங்குளத்திலிருந்து வந்து சமைத்துப் போட்டார். வயிற்று விசயத்தைத் தமையன் கேட்டபோதெல்லாம் யோகலிங்கம், "எல்லாம் சரி அண்ணை, போயிட்டுது" என்றார். நாலு நாளும் அதே பதில்.

ஐந்தாம் நாள் காலை, "தலை வெடிக்குது" என்ற சத்தம் கேட்டு அவள் பாயை விட்டு எழுந்தாள். அவர் முகம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. கழுத்து நரம்பு துடித்தது.

"எத்தினை நாள்?"

அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார்.

"எத்தினை நாளெண்டு கேக்கிறன்!"

"நீர் படுத்ததிலை இருந்து."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை; மதகு உடைந்து பஸ் ஓடவில்லை. கார் எதுவும் வராது. அப்புத்துரை மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். நேர்வாளக் குளிசை, வயிறு கழியக் கொடுக்கும் கடும் பேதி மருந்து.

"ஒண்டு குடுத்தால் உடைச்சுக்கொண்டு வரும், பிள்ளை."

"வாய்க்கால் அடைச்சுக் கிடக்கேக்கை மேலை தண்ணியைத் திறந்தால் வரம்புதான் உடையும், அத்தான். ஆளைத் தூக்குங்கோ."

இருவருமாகக் கதிரையில் நிமிர்த்தி இருத்தினார்கள். சாரத்தின் இறுக்கத்தைத் தளர்த்தினாள். ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட மூத்திரக் குழாயில் அடைப்பில்லை. சத்தி எடுக்கவும் இல்லை. இடப்பக்க அடிவயிற்றில் கட்டி விரலுக்குத் தட்டுப்பட்டது. கையில் எண்ணெய் பூசி, மலவாசலில் இறுகிக் கிடந்ததை முதலில் விரலால் மெல்ல மெல்ல எடுத்தாள். அப்புத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு காலுக்குக் கீழே பலகைக்கட்டை வைத்து முழங்காலை உயர்த்தினாள். வலப்பக்க இடுப்பிலிருந்து மேலே, விலாவுக்குக் கீழே குறுக்காக, இடப்பக்கம் கீழே என்று உள்ளங்கையால் உருவினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"கண்ணுக்குள்ளை பொறி பறக்குது, ஈஸ்வரி."

கையை எடுத்துவிட்டுப் பொறுத்தாள். அவர் மூச்சு ஆறியதும் திரும்பத் தொடங்கினாள்.

"அவன் செத்தால் நீ பதில் சொல்லுவியோ?" அப்புத்துரை கத்தினார். குளிசை அவர் கையில் இருந்தது.

"சொல்லுவன். நீங்கள் அவற்ரை தோளைப் பிடியுங்கோ."

அவர் பிடித்தார். அவள் தலையணையை யோகலிங்கத்தின் மடியில் வைத்து, உடம்பை அதன்மேல் முன்னுக்குச் சாய்த்து, பக்கத்திலிருந்து உருவினாள். எவ்வளவு நேரம் என்று ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் வயிறு இரைந்தது. பிறகு வந்தது, கொஞ்சமாக, பிறகு நிறைய. முகத்தின் சிவப்பு வடிந்தது. "தலை விட்டிட்டுது" என்றார் யோகலிங்கம்.

கழுவித் துடைத்துப் படுக்க வைத்த பின்புதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"காய்ச்சலிலை கிடக்கிற உம்மை இதுக்கோ எழுப்பிறது? சோத்தைக் குறைச்சால் ஒண்டும் வராதெண்டு நினைச்சன். எவ்வளவு காலத்துக்கு என்ரை பீயை அள்ளப் போறீர்?"

"நீங்கள் செத்தால் நான் சுத்தமா இருப்பனெண்டு நினைச்சீங்களோ?"

அவர் அழுதார். அவளும் அழுதாள். அப்புத்துரை வெளியே போய் மழைக்குள் நின்றார்.

மறுநாள் கதிரையில் இருத்தியதும், அவள் எண்ணெயைத் தன் கையில் ஊற்றாமல் அவர் கையில் ஊற்றினாள்.

"கை நல்லாத்தானே கிடக்கு. நீங்களே உருவுங்கோ."

முதல் நாட்களில் கை வழி தவறியது. ஒரு மாதத்தில் பழகிவிட்டார். தூக்கி இருத்த மட்டும் ஆள் வேண்டியிருந்தது. அப்புத்துரை பொங்கல் வரை நின்றுவிட்டுப் போனார்.

யோகலிங்கம் மேலும் ஒன்பது வருடம் இருந்தார். காலை ஏழு மணிக்கு, அவர் கதிரையில் இருக்கும் நேரம், படலையில் யாராவது கூப்பிட்டால், உள்ளேயிருந்து அவரே சத்தம் போடுவார்:

"பொறுங்கோ, வேலையா இருக்கிறன்!"