தம்பி மாற்றிவைத்த சிஸ்டம்

தெருவில் எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்ட் அக்கா. வக்கீல்கள் அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு, சமையலறை மேஜையில் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. அவளுடைய மடிக்கணினி, பள்ளி நோட்டை விடக் கொஞ்சம் பெரிது. கடையில் இருந்ததிலேயே மலிவானது. எந்தச் சிஸ்டத்தைப் போட்டாலும் மூச்சு வாங்கும். கடைசியில் லினக்ஸ் என்ற எடை குறைந்த இலவசச் சிஸ்டத்தை அவளே தட்டுத்தடுமாறிப் போட்டாள். முதல் மாதம் அழுகையே வந்தது. அப்புறம் அது சொன்ன பேச்சு கேட்டது. 'வாத' என்று அடித்தால் 'வாதி தரப்பு வழக்கறிஞர்' என்று விரியும். ஆறு வருஷத்தில் இப்படி ஆயிரம் சுருக்கங்களுக்கு மேல் சேர்த்திருந்தாள்.

கணினி கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கும் தம்பி ஒரு சனிக்கிழமை வந்தான். அவனை வீட்டில் விட்டுவிட்டு அவள் பல் பிடுங்கப் போனாள். மூன்று மணி நேரம் கழித்து, பாதி வாய் மரத்துப்போய்த் திரும்பினாள்.

"அக்கா, பாரு! அந்தக் குப்பையத் தூக்கிட்டு எல்லாரும் வச்சிருக்கிற சிஸ்டத்தையே போட்டுட்டேன்."

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தட்டச்சு செய்யும் பக்கம் திறக்க மூன்று நிமிஷம் ஆனது. 'வாத' என்று அடித்தாள். 'வாத' என்றே நின்றது.

"என் சுருக்கமெல்லாம் எங்கடா?"

"ஃபைல் எல்லாம் காப்பி எடுத்துட்டேனே."

"அது தனி ஃபோல்டர்ல இருக்கும். அத எடுத்தியா?"

அவன் முகம் சுருங்கியது. "முழுசா அழிச்சுட்டுத்தான் போட்டேன்... நல்லதுக்குத்தானே பண்ணேன்?"

மரத்த வாயோடு கத்தியதில் பாதிச் சொல் காற்றாகப் போயிற்று. அதனால் இன்னும் கோபம் வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? உன் ஆபீஸ்ல ஒருத்தன் மெஷின இப்படித் தொடுவியா?"

உள்ளறையிலிருந்து அம்மா, "பாவம்டி, ஆசையாப் பண்ணிருக்கான்" என்றாள்.

"உன் பாத்திரத்தையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வேற வச்சா, அப்பவும் ஆசைன்னு சொல்லுவியாம்மா?"



பென் டிரைவை எடுத்து லினக்ஸை மறுபடி போட உட்கார்ந்தாள். "நான் பண்றேன்க்கா" என்று தம்பி கையை நீட்டினான்.

"கைய எடு."

முக்கால் மணி நேரத்தில் சிஸ்டம் வந்துவிட்டது. சுருக்கங்களின் பழைய பிரதி ஒன்றும் பென் டிரைவில் கிடைத்தது. நாலு வருஷத்துக்கு முந்தையது. அதற்குப் பின் சேர்த்ததெல்லாம் போயே போய்விட்டது.

"புதுசா பெரிய லேப்டாப் ஒண்ணு வாங்கித் தந்துடறேன்" என்றான் தம்பி.

"மொதல்ல பண்ணது தப்புன்னு சொல்லு."

தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்புதான்" என்றான். அவளுக்குத் துளியும் ஆறவில்லை.

ஞாயிறு முழுக்க, சுருக்கம் தொலைந்துபோன ஒவ்வொரு தொடரையும் முழுசாக அடித்தாள். ஒவ்வொன்றும் அவள் கோபத்தை மறுபடி மூட்டிவிட்டது. மறுநாள் கொடுக்க வேண்டிய மூன்று மணி நேர வேலை பொழுதுசாயும்வரை இழுத்தது. திங்கள் காலை வக்கீல் வாங்கிப் பார்த்து, வழக்கம்போல "சரி" என்றார், அவ்வளவுதான். அவள் வீட்டுக்கு வந்து கணினிக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினாள். அதை அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.