அட்லஸில் ஒரு குறுக்குக் கோடு

இந்துமாக்கடலைக் கடந்து நிவாரணச் சரக்கு கொண்டுபோகும் ராணுவ விமானத்தை நான் ஓட்ட வேண்டியிருந்தது. அதற்கு முன் மூன்று நாள் லீவில் தென்காசிக்கு வந்தேன். அப்பாவுக்கு இனி வைத்தியம் இல்லையென்று டாக்டர் கைவிரித்திருந்தார். குற்றாலத்தில் சீசன். குளிக்கப் போகிற வேன்கள் அடித்த ஹாரன் சத்தம் அப்பாவின் கட்டில்வரை வந்து எனக்கு எரிச்சலூட்டியது.

பட்டாளத்தில் லாரி ஓட்டியவர் அப்பா. நான் போகும் பாதையைக் கேட்டார். என் பழைய பள்ளிக்கூட அட்லஸில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன்.

“ஏலே, திரும்பி வாரதுக்கு எண்ணெய் எதுவரைக்கும் காணும்?”

நடுக்கடலில் ஒரு குறுக்குக் கோடு இழுத்தேன். “இங்கன வரைக்கும்ப்பா. தாண்டிட்டா முன்னாலதான் போவணும்.”

“அதுக்கு முன்னால நான் போய்ச் சேந்துட்டா திரும்பிருவியோ?”

பொய் சொல்லியிருக்கலாம். “அதுக்கெல்லாம் திருப்ப விடமாட்டாவப்பா,” என்றேன்.

அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். “ஏட்டி, எது நடந்தாலும் இவன் அக்கரையில எறங்குத வரைக்கும் சொல்லிராத. வண்டி ஓட்டுதவனுக்கு மனசு தெளிவா இருக்கணும்.”

தினமும் காலையில் அம்மா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பூப்படம் அனுப்புவாள். ஒருநாளும் தவறியதில்லை.

லீவு முடிந்து விமானத் தளத்துக்குத் திரும்பினேன். புறப்படும் நாள் காலையில் நானும் உடன் பறப்பவர்களும் வானிலை பார்த்தோம், எரிபொருளைச் சரிபார்த்தோம், உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளை எண்ணினோம். பிறகு போனை எடுத்தேன். பூப்படம் வரவில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வேறொரு விமானியைப் போட்டுவிட்டு என்னை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள்.

குறுக்குக் கோடு இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. நான் போனை அணைத்துவிட்டு விமானத்தில் ஏறினேன்.